எல்லை தாண்டிப் படிக்கும் பிள்ளைக்கு எந்த உதவி, யாரிடம்?

கேள்வியின் சுருக்கம் இது. கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ் மீடியத்தில் பிளஸ் டூ முடித்த தங்கை, கோவையில் ஹாஸ்டலில் தங்கி பி.எஸ்சி. முதலாண்டு படிக்கிறாள். முதல் செமஸ்டரில் இரண்டு பேப்பர் அரியர். ராத்திரி தூக்கமில்லை, வகுப்புக்கும் ஒழுங்காகப் போவதில்லை, அட்டெண்டன்ஸ் 70-ஐ ஒட்டி நிற்கிறது. கவுன்சலரிடம் போனால் வீட்டுக்கும் டிபார்ட்மென்ட்டுக்கும் தெரிந்துவிடும் என்று பயப்படுகிறாள். போதாததற்கு, ‘நீ கேரளா, உனக்கு இங்கே ஒன்றும் கிடைக்காது’ என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். என்ன செய்யலாம் என்று அண்ணன் கேட்கிறார்.

அந்த ‘யாரோ’ சொன்னது முக்கால்வாசி தப்பு. உதவித்தொகை விஷயத்தில் மட்டும் அதில் கொஞ்சம் உண்மை உண்டு.

கல்லூரி மாணவருக்கான உதவிகளை நான் மூன்றாகப் பிரித்துப் பார்ப்பேன். ஆள் எங்கே நிற்கிறாரோ அந்த இடத்தை வைத்துக் கிடைப்பவை: அரசு மருத்துவமனை, ஆம்புலன்ஸ், போலீஸ், தொலைபேசி ஆலோசனை. எந்தக் கல்லூரியின் ரோலில் பெயர் இருக்கிறதோ அதை வைத்துக் கிடைப்பவை: கவுன்சலர், ராகிங் தடுப்பு, பாலியல் புகார்க் குழு, குறைதீர்ப்புக் குழு, அட்டெண்டன்ஸ் சலுகை. எந்த மாநிலத்துக்காரர், எங்கே பள்ளி படித்தார் என்பதை வைத்துக் கிடைப்பவை: உதவித்தொகை, சாதிச் சான்று, காப்பீடு. வாளையாறு, வேலந்தாவளம், கோபாலபுரம் எல்லைகள் வழியாகத் தினமும் போய்வரும் பிள்ளைகள் அலைவதற்குப் பெரும்பாலும் காரணம், ஒன்றுக்கான கதவை விட்டுவிட்டு இன்னொன்றின் கதவைத் தட்டுவதுதான். உங்கள் தங்கைக்கு இப்போது வேண்டியது முதல் இரண்டு வகை. அந்த இரண்டிலும் கேரளா, தமிழ்நாடு என்ற பேச்சே கிடையாது.

முதலில் கவுன்சலர். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் (விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சிக்குப் போன 17 வயது மாணவியின் மரணம் சம்பந்தப்பட்டது) நாடு முழுவதற்கும் வழிகாட்டு நெறிகள் தந்தது. 100 மாணவரோ அதற்கு மேலோ படிக்கும் எந்தக் கல்வி நிறுவனமும் தகுதியுள்ள ஒரு கவுன்சலரையோ, உளவியலாளரையோ, சமூகப் பணியாளரையோ வைத்திருக்க வேண்டும். உதவி எண்களை ஹாஸ்டலிலும் வகுப்பிலும் கண்ணில் படும்படி எழுதி வைக்க வேண்டும். தனிச் சட்டம் வரும்வரை இவை கட்டாயம். ஆகவே ‘எங்கள் கல்லூரியில் அதெல்லாம் இல்லை’ என்பது இனி பதிலாகாது. கேரள அரசுக் கல்லூரிகளில் ‘ஜீவனி’ என்ற பெயரில் இந்த ஏற்பாடு முன்பிருந்தே உண்டு. சைக்காலஜி அப்ரன்டிஸ் என்று ஆண்டுக்கு ஆண்டு தற்காலிகமாக ஆள் எடுப்பார்கள். அதனால் கல்வியாண்டு தொடக்கத்தில் நாற்காலி காலியாக இருக்கக்கூடும்.

காகிதத்தில் இருப்பதும் நடைமுறையில் இருப்பதும் வேறு. கல்லூரிகளுக்குத் தரச் சான்று தரும் ‘நாக்’ அமைப்பின் மதிப்பீட்டில் மாணவர் ஆதரவும் ஓர் அளவுகோல். அதற்காகவே பல கல்லூரிகளில் ‘கவுன்சலிங் செல்’ என்று ஒரு போர்டும் ஒரு ரிஜிஸ்டரும் தயாராக இருக்கும். உள்ளே உட்கார்ந்திருப்பவர் வகுப்பு எடுக்கும் ஆசிரியராகவே இருப்பதும் உண்டு. டியூட்டர், மென்டர் என்று ஒதுக்கப்படும் ஆசிரியர் நல்லவராகவே இருக்கட்டும். இன்டர்னல் மார்க் போடுபவரிடம் ஒரு பிள்ளை மனதைத் திறந்து பேசாது. லீவு, அட்டெண்டன்ஸ், ரீ-டெஸ்ட் இவற்றுக்கு டியூட்டரிடம் போகட்டும். தூக்கம் போனதற்கு அவர் ஆளல்ல.

முதல் சந்திப்பிலேயே தங்கை மூன்று விஷயங்களைக் கேட்டுக்கொள்ளலாம், கேட்பதில் தப்பில்லை. உங்கள் படிப்பு என்ன, இங்கே முழுநேரமா? ரிஜிஸ்டரில் என் பெயர் எழுதுவீர்களா, எண் மட்டும்தானா, அதை யார் பார்ப்பார்கள்? எந்தச் சூழ்நிலையில் வீட்டுக்கோ கல்லூரிக்கோ சொல்வீர்கள்? நல்ல கவுன்சலர் மூன்றாவது கேள்விக்குக் கேட்காமலேயே பதில் சொல்லிவிடுவார். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் சொல்வார். பிறருக்கு ஆபத்து என்றாலும் சொல்வார். இன்னொன்றும் உண்டு. முதலாண்டுப் பிள்ளைகளில் பலருக்கு 18 முடிந்திருக்காது. 18-க்குக் கீழுள்ளவர் மீது பாலியல் குற்றம் நடந்தது தெரிய வந்தால், போக்சோ சட்டப்படி தெரிந்தவர் போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். ‘ரகசியமாக வைத்துக்கொள்ளுங்கள்’ என்று கேட்டாலும் அவரால் முடியாது. இவை தவிர அரியர், காதல், வீட்டுச் சண்டை, தூக்கம் எல்லாம் அந்த அறைக்குள்ளேயே நிற்க வேண்டியவை. மனநலச் சிகிச்சை பெறுபவரின் தகவலைக் காக்க வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும் சொல்கிறது.

கல்லூரிக்குள் பேச மனமில்லை என்றால் 14416. இது டெலி மானஸ், 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது; இலவசம், 24 மணி நேரமும் உண்டு. சில நெட்வொர்க்கில் அந்தக் குறு எண் போகாது, அப்போது 1800-891-4416. முதலில் மொழி கேட்கும், தமிழைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கேரள சிம்மில் கூப்பிட்டு, எதிர்முனையில் மலையாளத்தில் பேசினால் பதறி வைத்துவிட வேண்டாம். ‘தமிழில் பேசணும்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கொழிஞ்சாம்பாறைப் பிள்ளைக்கு மலையாளம் புரியாமல் இருக்காது. ஆனால் அழுகை வரும்போது எந்த மொழியில் வருகிறதோ அந்த மொழியில் பேசுவதுதான் நல்லது. தமிழ்நாட்டில் 104, கேரளத்தில் ‘திசா’ 1056 ஆகிய சுகாதார எண்களிலும் ஆலோசனை உண்டு. சென்னையில் 1986-லிருந்து நடக்கும் சினேகா அமைப்பின் எண் 044-24640050. ஒன்று மட்டும் மனதில் இருக்கட்டும்: தொலைபேசியில் கேட்பவர் அந்த நேரத்துப் பாரத்தை இறக்கி வைக்க உதவுவார். வாராவாரம் தொடரும் சிகிச்சைக்கு அது ஈடாகாது.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமின்மை, சாப்பாட்டில் மனமின்மை, எதிலும் பிடிப்பில்லாமை தொடர்ந்தால் டாக்டரைப் பார்ப்பதே சரி. கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. ஊருக்கு வந்திருக்கும் நாட்களில் பாலக்காடு மாவட்ட மருத்துவமனைக்கும் போகலாம். வெளிநோயாளியாகப் பார்க்க ரேஷன் கார்டோ, ‘எந்த மாநிலம்’ என்ற விசாரணையோ தேவையில்லை. காலையிலேயே போய்ச் சீட்டு வாங்க வேண்டும். முதல் நாள் பாதி நாள் போய்விடும் என்று வைத்துக்கொண்டு போங்கள். ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடலாம் என்று இன்டர்னல் டெஸ்ட் உள்ள நாளில் போனால் டாக்டரைப் பார்க்காமலே திரும்ப நேரும். ஓ.பி. சீட்டைப் பத்திரப்படுத்துங்கள், அட்டெண்டன்ஸ் கதைக்கு அதுதான் ஆதாரம். தைராய்டு, ரத்தசோகை பரிசோதனை எழுதினால் தட்டிக் கழிக்க வேண்டாம். இரண்டுமே சோர்வையும் மந்தத்தையும் தரும். ஹாஸ்டல் பெண்களிடம் ரத்தசோகை சாதாரணம்.

18 முடிந்தவர் தனியாகவே சிகிச்சைக்குச் சம்மதம் தரலாம், வீட்டாரின் கையெழுத்து வேண்டாம். 18 முடியாதவர் என்றால் பெற்றோரோ காப்பாளரோ வேண்டும். தங்கையின் பிறந்த தேதியைப் பார்த்துக்கொண்டு முடிவு செய்யுங்கள். 18 முடியவில்லை என்றால் வீட்டில் யாரிடம் முதலில் சொல்வது என்பதை அவளே தேர்ந்தெடுக்கட்டும். அண்ணனிடம் சொல்லிவிட்டாள் என்பதே பாதி வேலை முடிந்த மாதிரி.

மாத்திரை எழுதினால் இங்கேதான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். மனச்சோர்வுக்கான மாத்திரை முதல் நாளே வேலை செய்யாது. பலன் தெரிய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும், முழுப் பலனுக்கு அதற்கும் மேல். ஆனால் குமட்டல், படபடப்பு போன்ற பக்கவிளைவு முதல் வாரத்திலேயே வந்துவிடும். நல்லது பின்னால், கெட்டது முன்னால் வருவதால் ஐந்தாம் நாளே தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். குமட்டலுக்குச் சாப்பிட்டபின் போடச் சொல்வார்கள், பெரும்பாலும் ஒரு வாரத்தில் அடங்கும். ஆனால் படபடப்பு கூடிக்கொண்டே போனாலோ, முன்பில்லாத சாகும் எண்ணம் தலைகாட்டினாலோ, அடுத்த தேதிவரை காத்திராமல் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். இளவயதினருக்கு முதல் சில வாரம் இதைக் கவனிப்பது அவசியம். நன்றாகிவிட்டது என்று திடீரென நிறுத்துவதும் கூடாது. குறைத்துக் குறைத்துத்தான் நிறுத்துவார்கள். செமஸ்டர் லீவுக்கு ஊருக்கு வரும்போது மாத்திரை தீர்ந்துபோவது எல்லைப் பிள்ளைகளின் தனிப் பிரச்சினை. கோவையில் எழுதிய சீட்டைப் பாலக்காட்டில் காட்டினால் அங்கே டாக்டர் பார்த்துத்தான் திரும்ப எழுதுவார், கவுன்டரில் நேராகக் கிடைக்காது. ஊருக்குக் கிளம்பும் முன்பே மருத்துவரிடம் சொல்லிக் கூடுதல் நாளுக்கு வாங்குவது உத்தமம்.

அட்டெண்டன்ஸ். 75 சதவீதம் இருந்தால் தேர்வு எழுதலாம். தமிழகப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் 65-க்கும் 75-க்கும் இடையே இருந்தால், மருத்துவக் காரணம் காட்டி, கட்டணம் கட்டி, காண்டொனேஷன் (வருகைக் குறைவை மன்னிக்கும் அனுமதி) வாங்கலாம். அதற்கும் கீழே போனால் அந்த செமஸ்டர் தேர்வே கைவிட்டுப் போகும். தங்கை 70-இல் நிற்கிறாள் என்றால் இன்னும் கைமீறவில்லை. இந்த வாரமே அசைய வேண்டும். மருத்துவச் சான்றை லீவு முடிந்து வந்த உடனே கொடுத்து, வாங்கியதற்குக் கையெழுத்தோ, மெயிலில் ஒரு பதிலோ பெற வேண்டும். செமஸ்டர் கடைசியில் மொத்தமாக ஒரு சான்று கொண்டுவந்தால் யாருக்கும் நம்பிக்கை வராது. பின்தேதியிட்டது என்று தள்ளவும் செய்வார்கள். சான்றில் நோயின் பெயர் எழுதாமல் ‘சிகிச்சையில் இருக்கிறார், இத்தனை நாள் ஓய்வு தேவை’ என்று மட்டும் எழுதித் தருமாறு டாக்டரிடம் கேட்கலாம். ஒரேயடியாக முடியாத நிலை என்றால் படிப்பை விட்டுவிடாமல், முறைப்படி விண்ணப்பித்து இடைவெளி எடுத்து, பிறகு அதே செமஸ்டரில் மறுசேர்க்கை பெறலாம். சொல்லாமல் நின்றுவிட்டால் பெயர் ரோலிலிருந்து நீங்கிவிடும். திரும்ப நுழைவது அப்புறம் பெரும்பாடு.

அந்த இரண்டு அரியர் பற்றி ஒரு வார்த்தை. தமிழ் மீடியத்திலிருந்து போன பிள்ளைக்கு முதல் செமஸ்டரில் அரியர் விழுவது பெரும்பாலும் பாடம் தெரியாததால் இல்லை, பாடத்தை ஆங்கிலத்தில் எழுத வராததால். ஆங்கில மீடியப் படிப்பாக இருந்தாலும் தாய்மொழியில் தேர்வெழுத மாணவரை அனுமதிக்கும்படி யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) 2023-இல் பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. தங்கையின் பாடத்துக்கு அது உண்டா என்று தேர்வுக் கட்டுப்பாட்டாளர் அலுவலகத்தில் எழுதிக் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். வாய்வார்த்தையை நம்பித் தேர்வறையில் தமிழில் எழுத வேண்டாம். கேரள அரசுக் கல்லூரியில் படிப்பவர் என்றால் பின்தங்கியவர்களுக்கென்றே ‘ஸ்காலர் சப்போர்ட் புரோகிராம்’ வகுப்பு உண்டு. அதில் பெயர் கொடுப்பதைக் கௌரவக் குறைச்சலாக நினைப்பவர்கள்தான் அடுத்த செமஸ்டரிலும் ‘சப்ளி’ எழுதுகிறார்கள்.

படிப்பதிலேயே தனிச் சிரமம் உள்ளவர், பார்வை, செவி, கை கால் குறைபாடுள்ளவர், நீண்டகால மனநோய் உள்ளவர் இவர்களுக்கு 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்கீழ் 40 சதவீதச் சான்று இருந்தால், எழுதுவதற்கு ஆளும், மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரமும் கிடைக்கும். யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை நாடு முழுவதும் ஒன்றே, மாநிலம் பார்க்காது. தேர்வுக் கட்டணம் கட்டும்போதே விண்ணப்பிக்க வேண்டும், ஹால் டிக்கெட் வந்தபிறகு அல்ல.

ஆபத்து நேரம். தோழியோ அறைக்கூட்டாளியோ ‘இருந்து என்ன பிரயோசனம்’ என்று பேசினால், ‘சாகணும்னு தோணுதா?’ என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. பெரும்பாலும் கேட்டவுடன் மூச்சு விடுவார்கள். ஆமாம் என்றால் தனியே விடக்கூடாது. கைக்கு எட்டும் மாத்திரை, மருந்து டப்பாக்களை அப்புறப்படுத்துங்கள், வார்டனை எழுப்புங்கள். ‘யாரிடமும் சொல்லாதே’ என்று வாங்கிய சத்தியத்தை இந்த ஒரு விஷயத்தில் மீறலாம், மீற வேண்டும். எதையாவது விழுங்கிவிட்டதாகத் தெரிந்தால், ஆள் பார்க்க நன்றாக இருந்தாலும் உடனே மருத்துவமனை. சில பொருள்கள் ஈரலைத் தாக்கியது இரண்டு நாள் கழித்தே வெளியே தெரியும். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள்.

108-க்குக் கூப்பிடும்போது எல்லையில் ஒரு சிக்கல் வரும். போன் எந்த மாநில டவரைப் பிடிக்கிறதோ அந்த மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு அழைப்பு போய் விழலாம். வேலந்தாவளத்தில் நின்றுகொண்டு ‘பஸ் ஸ்டாப் பக்கம்’ என்றால் கேட்பவருக்கு விளங்காது. மாநிலம், மாவட்டம், ஊர், அடையாளம் என்ற வரிசையில் சொல்லுங்கள். வண்டி வந்தால் அருகில் எந்த மருத்துவமனையோ அங்கேயே போகட்டும். ‘எங்க மாநிலத்துக்குத்தான் போகணும்’ என்று அடம் பிடிக்கும் நேரமல்ல. போலீஸ் கேஸ் ஆகுமே என்ற பயத்தில் மறைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மருத்துவமனை போலீசுக்குத் தகவல் தரும், அது வழக்கம். ஆனால் தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு கொள்ளச் சொல்கிறது, தண்டிக்கக் கூடாது என்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் பழைய 309-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1-இல் அதற்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் (பாரதிய நியாய சன்ஹிதா) இடம்பெறவில்லை.

தூக்கம் போனதற்குப் பின்னால் வேறு ஒரு காரணம் ஒளிந்திருக்கவும் கூடும். பக்குவமாகக் கேட்டுப் பாருங்கள். ராகிங் என்றால் 1800-180-5522, 24 மணி நேரமும். பெயர் சொல்லாமலும் புகார் தரலாம்; ஆனால் கல்லூரி, பிளாக், அறை எண், நேரம் என்று தெளிவாகச் சொன்னால்தான் வேலை நடக்கும். குற்றம் என்று தெரிந்த 24 மணி நேரத்துக்குள் கல்லூரித் தலைமை எஃப்.ஐ.ஆர். பதியச் செய்ய வேண்டும் என்பது யு.ஜி.சி.யின் 2009 விதி. தமிழ்நாட்டில் 1997-இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. முந்தைய ஆண்டு சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட கொடுமைக்குப் பிறகு வந்தது. கேரளத்தில் 1998-இல் வந்தது.

பாலியல் தொல்லை என்றால் உள்ளகப் புகார்க் குழு. சம்பவத்திலிருந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் தர வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் நீட்டிப்பார்கள். தலைவர் மூத்த பெண் ஆசிரியராக இருக்க வேண்டும், வெளியாள் ஒருவர் வேண்டும், மாணவர் சம்பந்தப்பட்டதென்றால் மாணவர் பிரதிநிதிகளும் வேண்டும். துறைத் தலைவர், டீன் போன்ற நிர்வாகப் பதவியில் இருப்பவர் உறுப்பினராக இருக்கவே கூடாது என்கிறது யு.ஜி.சி.யின் 2015 விதி. கல்லூரி போர்டில் உள்ள பெயர்ப் பட்டியலை இந்தக் கண்ணோடு ஒருமுறை படியுங்கள், நிறையப் புரியும். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். அதுவரை எதிர்த்தரப்பு ஆசிரியர் தன் விடைத்தாளைத் திருத்தக் கூடாது என்று இடைக்கால நிவாரணம் கேட்கலாம். இதைக் கேட்கத் தெரியாமல் மார்க்குக்குப் பயந்தே புகாரைத் திரும்பப் பெறுபவர்கள் உண்டு. ஆண் மாணவரும் இதே குழுவில் புகார் தரலாம்.

போலீசுக்குப் போக நேர்ந்தால் ‘சம்பவம் நடந்தது எங்கள் எல்லையில் இல்லை’ என்று எந்த ஸ்டேஷனும் திருப்பி அனுப்ப முடியாது. எங்கே நடந்திருந்தாலும் புகாரைப் பதிந்து, உரிய ஸ்டேஷனுக்கு மாற்ற வேண்டும், ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்பது அதுதான். கோவையில் நடந்ததைக் கொழிஞ்சாம்பாறையிலிருந்தே புகார் செய்யலாம். பெண்களுக்கு 181 இரு மாநிலத்திலும் உண்டு. வக்கீல் வேண்டும் என்றால் 15100. பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி. கடன் ஆப், மார்ஃபிங் மிரட்டல் என்றால் சைபர் குற்ற உதவி எண் 1930. பணம் போன சில மணி நேரத்துக்குள் கூப்பிட்டால்தான் நிறுத்தி வைக்க வாய்ப்பு.

கட்டணம், சான்றிதழ், மதிப்பெண் சார்ந்த குறைகளுக்கு மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்கிறது. 15 வேலை நாளில் அது அறிக்கை தர வேண்டும். திருப்தி இல்லையென்றால் 15 நாளுக்குள் பல்கலைக்கழக ஆம்பட்ஸ்பர்சனிடம் (குறைகேட்பு அதிகாரி) மேல்முறையீடு. அசல் சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொண்டு ‘மொத்தப் பணத்தையும் கட்டு’ என்பதும் இங்கே கொண்டுபோக வேண்டிய குறைதான்.

கடைசியாகப் பணம். இங்கேதான் ‘நீ கேரளா’ என்ற பேச்சுக்கு அர்த்தம் உண்டு. புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளிலும், அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் மீடியத்திலும் படித்த பெண்களுக்கானது. கேரளத்தில் தமிழ் மீடியம் படித்தாலும் அது கிடைக்காது. விண்ணப்பம் போட்டு அலைய வேண்டாம். மறுபுறம், பட்டியல் சாதி மாணவருக்கான போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான) உதவித்தொகையை, குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால், சொந்த மாநிலம்தான் தர வேண்டும், வெளியே படித்தாலும். கேரளக்காரருக்கு அது ஈ-கிராண்ட்ஸ் என்ற அந்த மாநில அரசின் போர்ட்டல் வழியாக. கோவைக் கல்லூரி அலுவலகத்தில் ‘எங்களுக்கு அந்த போர்ட்டல் தெரியாது’ என்பார்கள். பாலக்காடு மாவட்டச் சித்தூர் பக்கத்துப் பட்டியல் சாதி மேம்பாட்டு அலுவலகத்தில் கேட்டு, கல்லூரி என்னென்ன சான்று தர வேண்டும் என்ற பட்டியலைக் கையோடு வாங்கி வந்து கொடுத்தால் வேலை நகரும்.

பணம் சாங்ஷன் ஆகியும் கணக்கில் ஏறாமல் நிற்பதற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று, ஆதார் வங்கிக் கணக்கோடு இணைந்திருக்கும், ஆனால் நேரடிப் பணப் பரிமாற்றத்துக்கு அந்தக் கணக்கு மேப் ஆகியிருக்காது, வங்கியில் ‘டி.பி.டி.க்கு சீடிங் செய்து தாருங்கள்’ என்று குறிப்பாகக் கேட்க வேண்டும். இரண்டாவது பெயர். கேரளத்தில் இனிஷியல் பெயருக்குப் பின்னால் வரும், இங்கே முன்னால் எழுதுவார்கள், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக விரிந்திருக்கும். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே கல்லூரி ரோல், வங்கி, ஆதார் மூன்றையும் திருத்திக்கொள்ளுங்கள். எஸ்.எஸ்.எல்.சி.யை மாற்றுவதுதான் இருப்பதிலேயே கஷ்டம், அதைத் தொடாதீர்கள்.